சுவருக்கு ஒன்று, சாலைக்கு ஒன்று

வாகன ஏற்பு வாரியத்தின் நான்காம் எண் ஜன்னலில் இருந்த குமாஸ்தா, தன் இருபத்தாறு வருட உத்தியோகத்தில் முதல் தடவையாக ஒரு விண்ணப்பத்தை முழுக்கப் படித்தார். படித்து முடித்ததும் தண்ணீர் கேட்டார்.

"தயாரிப்பாளர்ங்கிற இடத்துல உங்க பேரை எழுதியிருக்கீங்க."

"நான்தாங்க செஞ்சேன்."

"தயாரிச்ச இடம், 'வீட்டுக்குப் பின்னாடி'ன்னு இருக்கு."

"ஆமாங்க. முன்னாடி இடம் பத்தலை."

குமாஸ்தா கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு பார்த்தார். எதிரில் நின்ற ஆள் மாறவில்லை. ஐம்பத்தெட்டு வயது, சட்டைப் பையில் குட்டி ஸ்க்ரூ டிரைவர், நகக்கண்களில் எண்ணெய்க் கறுப்பு. தையல் மெஷின் மெக்கானிக். எந்த வீட்டில் மெஷின் ஓடினாலும் தெருவில் நின்றபடியே காதைக் கொடுத்து, "ஷட்டில்ல நூல் மாட்டியிருக்கு, நிறுத்தச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டுப் போகிறவர். காது அப்பேர்ப்பட்டது. கண்தான் காலை வாரிக்கொண்டிருந்தது.

விழித்திரை தேய்கிறது என்று கண் டாக்டர் படம் போட்டுக் காட்டியிருந்தார். அந்தப் படமும் அவருக்குச் சரியாகத் தெரியவில்லை. "கிட்டத்துல இருக்கறது, வெயில் தணிஞ்ச நேரத்துல இருக்கறது எல்லாம் கொஞ்ச நாளைக்கு நல்லாவே தெரியும். உச்சி வெயில்ல தூரத்துல இருக்கறது கரைஞ்சு போகும். இப்ப கையில இருக்கற லைசென்ஸ் முடியற வரைக்கும் ஓட்டிக்குங்க. அடுத்த தடவை நான் கையெழுத்துப் போட மாட்டேன்" என்று டாக்டர் சொல்லிவிட்டார். லைசென்ஸ் முடியப் பதினோரு மாதம் இருந்தது.

வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் நின்ற வண்டிக்கு ஏழு வருடம் ஆகியிருந்தது. 'நீங்களே செய்யலாம் ஸ்போர்ட்ஸ் கார்' என்ற முப்பத்திரண்டு பக்கப் புத்தகத்தைப் பழைய கடையில் வாங்கியதில் ஆரம்பித்த வினை. அதில் பத்தொன்பதாம் பக்கம் இல்லை. பத்தொன்பதாம் பக்கம்தான் பிரேக். அதை மட்டும் மெக்கானிக் தானே யோசித்துச் செய்தார். மற்ற பாகங்களைவிட அதுதான் நன்றாக வந்தது. சதுரக் குழாயை வெட்டி, பற்றவைத்து அடிச்சட்டம். குப்புறக் கவிழ்ந்த ரொட்டி வேனிலிருந்து என்ஜின். ஃபைபர் கிளாஸை ஏடு ஏடாக ஒட்டி உடம்பு. ஏறி உட்காருவதற்கு முதலில் ஏறக்குறைய தரையில் உட்கார வேண்டும், அவ்வளவு தாழ்வு. கொட்டகைக்குள் அதை ஸ்டார்ட் செய்தால் பக்கத்துத் தெருவில் பால் திரிந்துவிடும் என்று சொல்வார்கள். அது கொஞ்சம் மிகை. பால் திரிந்தது அடுத்த வீட்டில் மட்டும்தான்.

இரண்டே இரண்டு சீட். ஒன்று அவருக்கு, ஒன்று மனைவிக்கு. மனைவி ஆயத்த ஆடைக் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். நூறு துணியை அடுக்கி ஒரே வெட்டில் வெட்டினாலும் மேல் துணிக்கும் அடித் துணிக்கும் நூலிழை வித்தியாசம் இருக்காது.

"ஒரு ரவுண்டு போயிட்டு வந்துடலாமா? யாருக்குத் தெரியப் போகுது?" என்று அவர் ஒருநாள் மெதுவாகக் கேட்டார்.

"திருட்டுத்தனமாப் போறதுக்கா ஏழு வருஷம் கொட்டகையிலயே குடியிருந்தீங்க?" என்றாள் கட்டிங் மாஸ்டர். "நம்பர் பிளேட்டோட, பட்டப்பகல்ல, நாலு பேர் பாக்கப் போகணும். இல்லாட்டி நான் ஏற மாட்டேன், சொல்லிட்டேன்."

ஆக அவருக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. கண் அணைவதற்குள், லைசென்ஸ் காலாவதியாவதற்குள், ஒரே ஒரு பகலில், மனைவியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஊர்ச் சாலையில் ஒரு ஓட்டம். இதற்காகத்தான் நான்காம் எண் ஜன்னல்.

"தனி ஆளு கார் செய்ய முடியாதுங்க" என்றார் குமாஸ்தா.

"செஞ்சுட்டேனே."

"செஞ்சிருக்கலாம். ஆனா முடியாது." குமாஸ்தா ஒரு தடித்த புத்தகத்தைப் புரட்டினார். "இந்தா பாருங்க. கார் செய்யறது எது? தொழிற்சாலை. நீங்க கார் செஞ்சிருக்கீங்க. அப்ப நீங்க யாரு?"

"மெக்கானிக்."

"தொழிற்சாலை" என்று சொல்லி முத்திரை குத்தினார். "தொழிற்சாலை ஆய்வுக்கு ஆள் வருவாங்க. போய் ரெடியா இருங்க."

வீட்டுக்கு வந்து விஷயத்தைச் சொன்னார். கட்டிங் மாஸ்டர் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "காலையில மனுஷனாத்தானே போனீங்க?"

ஆள் வர இரண்டரை மாதம் ஆனது. வந்தவர் தொழிற்சாலை ஆய்வாளர். கழுத்தில் அளவு நாடா, கையில் நூற்றுப் பதினான்கு கேள்விகள். பத்தடிக்குப் பன்னிரண்டடி கொட்டகைக்குள் நுழைந்தவர் முதலில் கேட்டது, "நிர்வாகக் கட்டடம் எங்க?"

மெக்கானிக் ஸ்டூலைக் காட்டினார்.

"உற்பத்திப் பிரிவு?"

ஸ்டூலுக்கு எதிர்ப்பக்கத்தைக் காட்டினார்.

"நல்லது. ரெண்டுக்கும் நடுவுல முப்பது மீட்டர் இருக்கணுமே? நெருப்புப் பிடிச்சா நிர்வாகம் தப்பிக்கணும்ல?"

ஸ்டூல் கொட்டகையைவிட்டு வெளியேறி, தோட்டத்தைக் கடந்து, தெருவையும் கடந்து, எதிர்வீட்டு மதில் ஓரமாகப் போய் உட்கார்ந்தது. அதற்குப் பிறகு நான்கு மாதம் மெக்கானிக் யாரோடாவது அலுவல் பேச வேண்டும் என்றால் அங்கே போய்த்தான் பேசினார். தரையில் மஞ்சள் கோடு போடச் சொன்னார்கள், போட்டார். புகார்ப் பெட்டி மாட்டச் சொன்னார்கள், மாட்டினார். தொழிலாளர் உணவகம் வேண்டும் என்றார்கள். சமையலறைக் கதவில் பலகை தொங்கவிட்டார். ஷிப்டு மாறும்போது சங்கு ஊத வேண்டும் என்ற விதிப்படி, காலை எட்டு மணிக்கு அவரே சங்கை ஊதிவிட்டு, அவரே அவசர அவசரமாக வேலைக்கு ஓடினார். ஒருநாள் மூன்று நிமிடம் தாமதம். அரை நாள் விடுப்பு எழுதிக்கொண்டார்.

"தொழிலாளர் எத்தனை பேரு?" என்று ஆய்வாளர் கேட்டார்.

"எம் பொண்டாட்டி. சீட்டு, மேல்கூரை எல்லாம் அவதான் தைச்சா."

"தொழிலாளரைத் தனியா விசாரிக்கணும். நிர்வாகம் வெளியில நிக்கட்டும். பயமில்லாமப் பேசணும் பாருங்க. அரை மணி நேரம்."

நிர்வாகம் எதிர்வீட்டு மதிலோரம் போய் ஸ்டூலில் உட்கார்ந்தது. விசாரணை இரண்டே முக்கால் மணி நேரம் நடந்தது. மெக்கானிக்கின் காது கூர்மையானது என்பதை முன்பே சொல்லியிருக்கிறேன். தெருவைத் தாண்டி எல்லாமே கேட்டது. ஏழு வருடமாக ஞாயிற்றுக்கிழமை என்றால் என்னவென்று தெரியாதது, கல்யாணச் சேலை கியர்பாக்ஸ் துடைக்கப் போனது, சாப்பாட்டு மேசையில் ரேடியேட்டர் ஆறு மாதம் இருந்தது, ஒன்றுவிடாமல் வந்தது. ஆய்வாளர் இரண்டு தடவை கண்ணைத் துடைத்துக்கொண்டார். கடைசியில் குறிப்பு எழுதினார்: 'தொழிலாளர் நிர்வாகத்தின் மீது கடும் அதிருப்தியில் உள்ளார். ஆகவே இது உண்மையான தொழிற்சாலையே.'

அவர் போனதும் மெக்கானிக் கேட்டார், "அந்தச் சேலை விஷயத்தைச் சொல்லியே ஆகணுமா?"

"நான் தொழிலாளரா பேசினேன்" என்றாள் அவள். "வீட்டுக்காரிக்கு வேற கணக்கு இருக்கு, அதைச் சொல்லவே இல்ல."

அந்தக் குறிப்பு மேசை மேசையாக ஏறி இறங்கி வருவதற்குள் மேலும் நான்கு மாதம் பறந்தது. லைசென்ஸுக்கு நான்கரை மாதம் மிச்சம். காலண்டரில் கடைசித் தேதியைச் சுற்றி அவர் வரைந்திருந்த சிவப்பு வட்டம், இப்போதெல்லாம் மூக்கு காகிதத்தில் முட்டினால்தான் தெரிந்தது. அப்போதுதான் கூப்பிட்டு அனுப்பினார்கள். இந்தத் தடவை ஜன்னலுக்கு அல்ல, அறைக்கு. கதவில் 'இணை இயக்குநர் (மோதல்)' என்று எழுதியிருந்தது.

இணை இயக்குநர் எழுந்து நின்று கைகுலுக்கினார். மேசைமேல் ஒரு பொம்மைக் காரும், ஒரு செங்கல்லும் இருந்தன. பேசும்போது இரண்டையும் முட்டவைத்துக்கொண்டே பேசினார்.

"உங்க ஃபைலு தங்கம். புகார்ப் பெட்டியோட போட்டோவைச் சுவத்துல மாட்டலாம்னு இருக்கேன். இனி ஒரே ஒரு சோதனைதான். உங்க வண்டி பாதுகாப்பானதான்னு எங்களுக்கு எப்படித் தெரியும்?"

"ஓட்டிப் பாருங்க சார்."

"ஓட்டினா ஓடும்னுதான் தெரியும். இடிச்சாத்தானே பாதுகாப்புத் தெரியும்? அறுபது கிலோமீட்டர் வேகத்துல கான்கிரீட் சுவத்துல விடுவோம். உள்ள இருக்கற பொம்மை பிழைச்சுதுன்னா வண்டி பாஸ்."

"இடிச்சப்புறம் வண்டி இருக்காதே சார்?"

"இருக்காது. ஆனா பாதுகாப்பானதுன்னு தெரிஞ்சிருக்கும்ல? அதுல ஒரு நிம்மதி இல்லையா?"

"என்கிட்ட இருக்கறதே ஒண்ணுதான் சார்."

இணை இயக்குநர் பொம்மைக் காரை நிறுத்தினார். முகத்தில் உண்மையான வருத்தம். "ஒரு தொழிற்சாலை ஒரே ஒரு வண்டி செஞ்சா அதுக்குப் பேரு உற்பத்தியா? ஒரு ரகத்துல ரெண்டு கொண்டு வாங்க. ஒண்ணை நாங்க இடிப்போம். அது பாஸானா, மத்ததைத் திறந்துகூடப் பாக்க மாட்டோம். அப்படியே நம்பர் கொடுத்துடுவோம். அவ்வளவு நம்பிக்கை எங்களுக்கு." குரலைத் தாழ்த்தினார். "ஒண்ணு சொல்றேன் கேளுங்க. இந்தப் பிரிவு ஆரம்பிச்ச நாள்லேருந்து, எங்க சர்டிபிகேட் வாங்கின கைவேலை வண்டி ஒண்ணுகூட ரோட்ல விபத்துல சிக்கினதில்ல."

"எத்தனை வண்டி சார் சர்டிபிகேட் வாங்கியிருக்கு?"

"இதுவரைக்கும் ஒண்ணும் இல்ல. அதான் சாதனை."

மெக்கானிக் வீட்டுக்கு வந்து கொட்டகையில் வண்டியின் அருகே தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். ஒன்று செய்ய ஏழு வருடம். இன்னொன்றுக்கு நான்கு மாதம். அந்த நான்கு மாதத்தில் கண் வேறு தேயும். முதல் முறையாக அவர் அந்த வண்டியின் முகத்தைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். டீ ஆறிப் போயிற்று. கட்டிங் மாஸ்டர் வந்து பார்த்தாள், போனாள், மறுபடி வந்தாள்.

"என்னங்க. அவங்களுக்கு வேண்டியது வண்டியா, இடிக்கறதுக்கு ஒரு சாமானா?"

"ரெண்டும் ஒண்ணுதானே?"

"எப்படி ஒண்ணாகும்? போட்டுக்கற சட்டை வேற, கடை வாசல்ல பொம்மைக்கு மாட்டற சட்டை வேற. பொம்மைச் சட்டைக்கு முதுகுப் பக்கம் துணியே இருக்காது, குண்டூசிதான் இருக்கும். முன்னாடி நின்னு பாக்கறவனுக்குத் தெரியவா போகுது?" இடுப்பிலிருந்து இஞ்ச் டேப்பை உருவினாள். "தள்ளிக்குங்க. அளவெடுக்கணும்."

பழுப்புத் தாளை வண்டியின் மேல் விரித்து, தையல் சாக்கால் கோடு போட்டு, மூக்கு, தோள், இடுப்பு, பின்பக்கம் என்று அவள் அளவெடுத்ததைப் பார்த்தால் வண்டிக்குக் கோட்டு தைக்கப் போகிறாள் என்றுதான் தோன்றும். நூற்று அறுபத்து மூன்று தாள் துண்டுகள். அதன்படி மெல்லிய ப்ளைவுட்டை அவர் அறுத்தார். வளைவுகளில் கான்வாஸ் துணியைப் பசையில் முக்கி அவள் இழுத்து ஒட்டினாள். அதன்மேல் மாவுப் பூச்சு, உப்புக் காகிதம், அதே எலுமிச்சை மஞ்சள் பெயிண்ட். என்ஜின் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் காற்று. அங்கே இரண்டு மணல் மூட்டை வைக்கலாம் என்றார் அவர். மரம் தாங்காது என்றாள் அவள். பொம்மை பிழைக்க வேண்டுமே என்று சீட்டைச் சுற்றிக் கழிவுத் துணியை மெத்தை மெத்தையாக அவள் அடைத்தாள். காயலான் கடைச் சக்கரம் நாலு, அதே கடையில் கிடைத்த ஸ்டீயரிங். பிரேக் மட்டும் அவர் நிஜமாகவே மாட்டினார்.

"இடியப் போற வண்டிக்கு எதுக்குங்க பிரேக்?"

"லாரியில ஏத்தும்போது உருண்டுடுச்சுன்னா?" என்றார். உண்மையில், பிரேக் இல்லாத வண்டியைச் செய்ய அவருக்குக் கை வரவில்லை.

மூன்றரை மாதத்தில் முடிந்தது. இரண்டையும் தோட்டத்தில் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திவிட்டு, மெக்கானிக் சுற்றிச் சுற்றி வந்தார். அசல் வண்டியின் இடது கதவுக்குக் கீழே ஒரு கீறல் இருந்தது. பொய் வண்டியிலும் அதே இடத்தில் அதே கீறல்.

"கீறலை எதுக்கும்மா போட்டே?"

"அளவுன்னா அளவுதான்" என்றாள். அவளுக்கு அதில் விட்டுக்கொடுத்துப் பழக்கமில்லை. அந்தப் பழக்கமில்லாமைதான் இருவரையும் கவிழ்க்கப் போகிறது.

மூன்று வாரம் கழித்து, மோதல் மைதானத்தில் நண்பகல் பன்னிரண்டு மணிக்கு விழா. ஆம், விழாதான். பிரிவு ஆரம்பித்த பிறகு முதல் தடவையாக இடிப்பதற்கு ஒரு வண்டி வந்திருக்கிறது; விடுவார்களா? ரிப்பன், மேடை, மைக், நாற்பது நாற்காலி. வண்டிகள் காலையிலேயே லாரியில் வந்து இறங்கியிருந்தன. அசல் இடப்பக்கக் கட்டத்தில், பொய் வலப்பக்கக் கட்டத்தில். மெக்கானிக் தன் கையாலேயே நிறுத்தி, மனதுக்குள் நூறு தடவை சொல்லிக்கொண்டார்: வலதைக் கை காட்டு, வலதைக் கை காட்டு. இதற்கு நடுவில் ஒரு உறுதிமொழியில் கையெழுத்து வாங்கினார்கள். 'இரண்டு வண்டிகளும் எல்லா வகையிலும் ஒன்றே. இது பொய்யென்றால் என் ஓட்டுநர் உரிமம் அந்த நிமிடமே ரத்து.' பேனா அவர் விரலில் கொஞ்ச நேரம் ஒட்டிக்கொண்டே இருந்தது. போட்டுவிட்டார்.

அப்புறம் அவரை வண்டிகளிலிருந்து அறுபது மீட்டர் தள்ளி ஒரு மஞ்சள் கோட்டுக்குப் பின்னால் நிறுத்தினார்கள். தயாரிப்பாளர் வண்டியைத் தொட்டால் அது செல்வாக்கைப் பயன்படுத்துவதாம். கட்டிங் மாஸ்டரை மைதானத்தின் மறுகோடியில், 'தொழிலாளர்' என்று எழுதிய கம்பி வலைக்குப் பின்னால் உட்காரவைத்தார்கள். தேர்வு நேரத்தில் தொழிலாளரும் நிர்வாகமும் ரகசியமாகப் பேசிக்கொள்ளக் கூடாது.

இணை இயக்குநர் மைக்கைப் பிடித்தார்.

"நண்பர்களே! உருவாக்கறது பெரிய விஷயம் இல்ல. எவன் வேணும்னாலும் உருவாக்கலாம். ஏழு வருஷம் உக்காந்தா எதுவும் உருவாகிடும். ஆனா அதை ஒரு நொடியில உடைக்கறதுக்குப் பயிற்சி வேணும், கட்டடம் வேணும், பட்ஜெட் வேணும். இந்தச் சுவரைக் கட்ட எங்களுக்குப் பதினாலு வருஷம் ஆச்சு. பதினாலு வருஷமா இந்தச் சுவர் காத்துக்கிட்டு இருக்கு. அதோட ஏக்கம் இன்னிக்குத் தீரப் போகுது!"

கைதட்டல். இந்தக் கைதட்டலின்போதுதான் போட்டோகிராபர், வலப்பக்க வண்டிமேல் வெயில் சரியாக விழவில்லை என்று சொல்ல, மைதான ஊழியர் இருவர் இரண்டு வண்டிகளையும் இடம் மாற்றித் தள்ளி வைத்தார்கள். ஒன்றை இருவரும் சேர்ந்து மூச்சுமுட்டத் தள்ளினார்கள். மற்றதை ஒருவர் ஒரு கையால், இன்னொரு கையில் டீ கிளாஸோடு, தள்ளிக்கொண்டு போனார்.

வலைக்குப் பின்னாலிருந்து கட்டிங் மாஸ்டர் இதைப் பார்த்தாள். மெக்கானிக் பார்க்கவில்லை. பார்க்கவில்லை என்ன, அறுபது மீட்டர் தூரத்தில், அந்த உச்சி வெயிலில், அவருக்குத் தெரிந்தது இரண்டு மஞ்சள் கறைகள்தான். அவை கொஞ்சம் அசைந்து மறுபடி நின்றதுபோல இருந்தது. கானல் என்று நினைத்தார்.

"தயாரிப்பாளர் அவர்கள், சுவருக்கு எது என்பதைச் சுட்டிக் காட்டலாம்!"

"என்னங்க! வேணாம்! மாத்திட்டாங்க!" கட்டிங் மாஸ்டர் வலையைப் பிடித்து உலுக்கிக் கத்தினாள்.

இணை இயக்குநர் மேடையிலிருந்து சிரித்தார். "கோஷம் போடறாங்க. தொழிலாளர்னா அப்படித்தான். கண்டுக்காதீங்க." ஒலிபெருக்கியைக் கூட்டச் சொன்னார். அது ஊளையிட்டது. அந்த ஊளைக்கு நடுவில் மனைவியின் குரல் வருவது மட்டும் மெக்கானிக்கின் காதுக்கு எட்டியது. அங்கே உற்சாகமாக இருக்கிறாள் போல என்று நினைத்து, தைரியமாகக் கையைத் தூக்கி வலப்பக்கத்தைக் காட்டினார்.

கம்பிவடம் இழுத்தது. மஞ்சள் கறை ஒன்று நகர்ந்தது, வேகம் பிடித்தது. அவர் கண்ணை மூடிக்கொண்டு காதைத் தீட்டிக்கொண்டார். ப்ளைவுட் முறியும் சடசடப்புக்காக, கான்வாஸ் கிழியும் சத்தத்துக்காக.

வந்தது அதுவல்ல. சதுரக் குழாய் மடங்கும் சத்தம் வந்தது. அதில் எத்தனையாவது குழாய், எந்த இடத்துப் பற்றவைப்பு என்றுகூட அவருக்குத் தெரிந்தது. ரொட்டி வேன் என்ஜின் தாங்கியிலிருந்து விடுபட்டு ஒரு தடவை இருமியது. ஃபைபர் கிளாஸ் நீளமாகக் கிழிந்தது. ஏழு வருடம் தன் கையால் முறுக்கிய ஒவ்வொரு போல்ட்டும் அவரிடம் தனித்தனியாகச் சொல்லிக்கொண்டு போயிற்று. அவர் கோட்டுக்குப் பின்னாலேயே நின்றார். கோட்டைத் தாண்டக்கூடத் தோன்றவில்லை.

சுவருக்கு அருகில் ஒரே ஆரவாரம். பொம்மை பிழைத்துவிட்டது. பிழைத்தது மட்டுமல்ல, தலைமுடி கலையாமல் உட்கார்ந்திருந்தது. கதவு ஒரு விரலால் திறந்தது. இணை இயக்குநர் ஓடிவந்து மெக்கானிக்கைக் கட்டிக்கொண்டார். அவர் கண்ணில் நீர்.

"என் சர்வீஸ்ல இவ்வளவு நல்ல வண்டியை நான் உடைச்சதே இல்ல சார்!"

மெக்கானிக் வாயைத் திறந்தார். "சார், அந்த இன்னொரு வண்டி..." உறுதிமொழித் தாள் இணை இயக்குநரின் சட்டைப் பையில் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. உண்மையைச் சொன்னால் இந்த நிமிடமே லைசென்ஸ் போகும். வாயை மூடிக்கொண்டார்.

"அந்த இன்னொரு வண்டிக்கென்ன? எதையும் பாக்கவே வேண்டாம். நாளைக்கே நம்பர்!"

"இடிஞ்சதையாவது குடுங்க சார். எடுத்துட்டுப் போயி..."

"அது எப்படி? மாதிரி வண்டி வாரியத்தோட சொத்து. வாசல்ல கண்ணாடிப் பெட்டியில வைக்கப் போறோம்."

போகிற வழியில் டீ கிளாஸ்காரர் எதிர்ப்பட்டார். "ஒரு வண்டி பஞ்சு மாதிரி இருந்துச்சுங்க" என்றார் தானாகவே.

"அதை யார்கிட்டயாவது சொல்லக் கூடாதா?" என்று கேட்டார் மெக்கானிக்.

"எடை பாக்கறது வேற செக்ஷனுங்க."

வாரியம் தன் சரித்திரத்திலேயே முதல் தடவையாக வாக்குத் தவறவில்லை. மறுநாளே பதிவுப் புத்தகம், நம்பர் பிளேட், வாழ்த்து மடல் எல்லாம் வந்தன. கொட்டகையில் பொய் வண்டி, முறையான நம்பரோடு, மஞ்சளாக மினுங்கிக்கொண்டு நின்றது. லைசென்ஸ் முடிய ஆறு நாள். முதல் இரண்டு நாளும் மெக்கானிக் சாப்பிட உட்காருவார், தட்டையே பார்ப்பார், எழுந்துவிடுவார்.

மூன்றாம் நாள் கட்டிங் மாஸ்டர் சொன்னாள்: "நான் கொஞ்சம் சுமாரா வெட்டியிருக்கணும்."

"உனக்குச் சுமாரா வெட்டத் தெரியாதே" என்றார். அவள் அவர் தோளில் ஒரு கையை வைத்தாள். வைத்த கையை எடுக்கவே இல்லை.

கடைசி நாள் பிற்பகல் அவள் கம்பெனிக்குப் போகவில்லை. தலையை வாரி, நல்ல சேலையாகப் பார்த்துக் கட்டிக்கொண்டு, கொட்டகைக் கதவை அகலத் திறந்தாள்.

"கிளம்புங்க."

"எதுல?"

"நம்பர் இருக்கு. புத்தகம் இருக்கு. உங்க லைசென்ஸ் இன்னிக்கு ராத்திரி வரைக்கும் இருக்கு. சக்கரம் நாலு இருக்கு. பிரேக்கும் இருக்கு, நீங்களே போட்டது."

"என்ஜின் இல்லையேம்மா."

"மேம்பாலம் இருக்கே" என்றாள்.

தள்ளுவது கஷ்டமாக இல்லை; டீ கிளாஸ்காரர் சொன்னது நிஜம்தான். இரண்டு தெரு, ஒரு சந்து, அப்புறம் மேம்பாலத்தின் ஏற்றம். ஏற்றத்தில் மட்டும் இருவருக்கும் மூச்சு வாங்கியது. பாலத்து உச்சியில் வெயில் தணிந்திருந்தது. அந்த வெளிச்சத்தில் சாலை அவருக்கு நன்றாகவே தெரிந்தது. அடிவாரம் வரை கறுப்பாக, வளைந்து, ஒரு நல்ல துணி விரித்தாற்போல். அவள் ஏறி உட்கார்ந்தாள். அவர் ஒரு தள்ளு தள்ளிவிட்டு, தரையில் உட்காருவதுபோல் உள்ளே சரிந்தார்.

முதலில் சைக்கிள் வேகம். பிறகு சைக்கிள்காரன் பின்னால் போனான். பிறகு ஒரு வேன் பின்னால் போனது. ப்ளைவுட் எல்லாப் பக்கமும் கிறீச்சிட்டது. என்ஜின் சத்தம் இல்லாததால் காற்றின் சத்தம் முழுக்க அவருக்கே கிடைத்தது. அதோடு சேலைத் தலைப்பு படபடக்கிற சத்தம், அவள் சிரிக்கிற சத்தம். அவள் இப்படிச் சிரிப்பாள் என்பதே அவருக்கு மறந்து போயிருந்தது.

"இடது பக்கம் பஸ்ஸு!"

"தெரியுது!"

"பஸ்ல எல்லாரும் பாக்கறாங்க!"

"பாக்கட்டும்! நாலு பேர் பாக்கணும்னு நீதானே சொன்னே!"

"நாற்பது பேர் பாக்கறாங்க!"

அடிவாரத்தில் ஒரு போலீஸ்காரர் வண்டிகளை மறித்துச் சோதனை செய்துகொண்டிருந்தார். மெக்கானிக் பிரேக்கை மிதித்தார். வண்டி போலீஸ்காரரின் பூட்ஸ் நுனிக்கு ஒரு சாண் தள்ளி, முனகாமல் நின்றது. காலையிலிருந்து பதினேழு வண்டியை நிறுத்தியவர் போலீஸ்காரர். பதினேழிலும் ஏதாவது ஒரு காகிதம் குறை. அவர் பதிவுப் புத்தகத்தைப் பார்த்தார், லைசென்ஸைப் பார்த்தார், மோதல் சான்றிதழைப் பார்த்தார். திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவர் முகம் மலர்ந்தது.

"எல்லாம் சரியா இருக்குங்க! இப்படி ஒரு வண்டியை நான் பார்த்ததே இல்ல." தன்னையறியாமல் ஒரு சல்யூட்கூட வைத்துவிட்டார். "கிளம்புங்க, பின்னாடி நிக்கறாங்க."

மெக்கானிக் ஸ்டீயரிங்கைத் தடவினார். "கிளம்பாதுங்க. இதுல என்ஜின் இல்லீங்க."

போலீஸ்காரர் புத்தகத்தை மறுபடி பிரித்தார். "என்ஜின் நம்பர் போட்டிருக்கே?"

"புத்தகத்துல இருக்குங்க."

"அப்ப இருக்கு. ஸ்டார்ட் ஆகலைன்னு சொல்லுங்க." தொப்பியைச் சரிசெய்துகொண்டு, பின்னால் போய் வண்டியில் இரண்டு கையையும் ஊன்றினார். "எல்லாக் காகிதமும் சரியா இருக்கற வண்டி ரோட்ல நின்னுபோச்சுன்னா, தள்ளி விடறது எங்க கடமை. நீங்க இறங்கக்கூட வேணாம். எந்தப் பக்கம் தள்ளணும்?"

மெக்கானிக் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். அவள் கலைந்த தலைமுடியை ஒதுக்கிக்கொண்டு வானத்தைப் பார்த்தாள். வெளிச்சம் இன்னும் ஒரு மணி நேரமாவது இருக்கும்.

"மேல" என்றாள்.